ஐந்தரை மணிப் பெட்டி

"தினம் காலம்பற அஞ்சரை மணிக்கு என் மொபைல்லேர்ந்து நாப்பத்தொம்பது ரூபா திருடு போறது" என்றார் பட்டாபிராமன். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கல்கத்தாவின் பவானிபூரில் போன் பழுது பார்க்கும் கடை அது. துர்கா பூஜை விடுமுறைக்குப் பின் வேலை குவிந்திருந்தது. நாகரத்தினத்துக்குக் கண் எரிந்தது. அவளுடைய கூட்டாளி ராம்கிதான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எதுக்கு சார் போகுது?"

"நான் ஆடற குமிழி கேம்ல அதிசயப் பெட்டின்னு ஒண்ணு. உள்ள என்ன இருக்குன்னு காசு குடுத்துத் திறந்தாத்தான் தெரியும். அதை யாரோ வாங்கறா. அந்த நேரத்துக்குத்தான் மினதி சமைக்க வருவா. கதவைத் திறந்துட்டு நான் குளிக்கப் போயிடுவேன், போன் ஹால்ல கிடக்கும். பதினோரு வருஷமா வரா. நேத்து நின்னுக்கோன்னுட்டேன். அழுதுண்டே போனா. சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

"கேஸ் முடிஞ்சுது!" என்றான் ராம்கி. "உங்க பின் நம்பரைப் பார்த்திருப்பாங்க."

"முடிஞ்சுதுன்னா அந்த சார்ஜர் பின்னை ஒட்டு" என்றாள் நாகரத்தினம். அவர் போனை வாங்கி விளையாட்டைத் திறந்தாள். இருபத்தொரு பெட்டிகள், கட்டிய ரிப்பன்கூட அவிழாமல் வரிசையாக நின்றன. பிறகு வங்கிக் குறுஞ்செய்திகளைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள்.

"மினதி எதுல வர்றாங்க?"

"சோனார்பூர்லேர்ந்து லோக்கல் ட்ரெயின். இருபத்துமூணாம் தேதி மழைல தண்டவாளம் முழுகி, ஒம்போது மணிக்குத்தான் வந்து சேர்ந்தா."

"அன்னைக்கும் சரியா அஞ்சரைக்குப் போயிருக்கே, சார்."

பட்டாபிராமன் போனை வாங்கிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"மனுஷங்க கை முன்னப்பின்ன ஆகும்" என்றாள் நாகரத்தினம். "இது ஒரு நிமிஷம்கூடப் பிசகல. ஆசைப்பட்டு வாங்கறவங்க பெட்டியைத் திறக்காம விடவும் மாட்டாங்க. அப்போ வாங்கறது ஆளே இல்ல. இந்தக் கம்பெனிக்கு நாள் பிறக்கறது கிரீன்விச் நேரப்படி. அங்க ராத்திரி பன்னண்டு அடிச்சா நமக்குக் காலையில அஞ்சரை. நாள் மாறினதும் மெஷின் தானா காசை எடுத்துக்குது."

"யாரைக் கேட்டு?" ராம்கி முந்திக்கொண்டான்.

"எல்லாத்துக்கும் முன்னால ஒரே ஒரு ரூபா போயிருக்கு. மகாளயா அன்னைக்கு, விடிகாலை மூணு அம்பத்தெட்டு. அப்போ என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"

பூஜைக்கு முந்தின அந்த அமாவாசையில், கல்கத்தாவே விழித்திருந்து வானொலியின் தேவி துதிக்குக் காத்திருக்கும் நேரம். பட்டாபிராமனின் குரல் இறங்கியது.

"நாலு மணிக்கு ரேடியோல சண்டி பாடம். அதுவரைக்கும் ஆடிண்டிருந்தேன். மகாளயா சலுகை, ஒரு ரூபாய்க்குப் பெட்டின்னு வந்தது. பாடம் ஆரம்பிச்சுடப் போறதேன்னு கீழ இருந்ததைப் படிக்காம பின் நம்பரைப் போட்டுட்டேன்."

"கீழ இருந்தது, நாளையிலேர்ந்து தினம் ஒரு பெட்டிங்கறதுக்கு உங்க சம்மதம். அதைக் குடுத்துட்டா அப்புறம் பின் நம்பரே கேக்காது."

"முப்பத்தாறு வருஷம் படிக்காம கையெழுத்துப் போடாதேன்னு ஊருக்கே சொன்னேன்" என்றார் அவர்.

நாகரத்தினம் போனைத் திரும்ப வாங்கி, பணம் அனுப்பும் செயலியில் 'தானியங்கிக் கட்டணம்' என்ற பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டினாள். "'ரத்து'ன்னு இருக்கு பாருங்க. அதை அழுத்தி, கடைசியா ஒரு தரம் பின் நம்பர் போடுங்க. நாளைக்கு அஞ்சரைக்குக் காசு போகாது. மினதி வரணும்னா, அதுக்கு நீங்கதான் போன் பண்ணணும்."