ஒரு பக்கப் பாரம்

துவைத்து அலசுகிற வரைக்கும் மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. பிழிகிற நேரம் வந்ததும் அதற்குக் கிறுக்குப் பிடித்தது. டிரம் இரண்டு சுற்றுச் சுற்றியது, உள்ளே ஏதோ கனமாகப் புரண்டு தொம்மென்று ஒரு பக்கம் இடித்தது, பிறகு நின்றுவிட்டுப் பீப் பீப் என்று கத்தியது. சுகுணா மூடியைத் திறந்து பார்த்தாள். மகளின் இரண்டு கவுன், ஒரு ஸ்வெட்டர், ஒரு துண்டு. ஒரு கையால் அள்ளினால் வந்துவிடும். இதற்குப் போய் இந்த இடியா என்று எரிச்சலாக வந்தது.

ஏற்காட்டில் ஐப்பசி பிறந்தால் துணி காய்வது என்கிற பேச்சே கிடையாது. கொடியில் போட்டது போட்டபடி ஒரு வாரம் தொங்கி, கடைசியில் பூஞ்சை வாடையோடு வீட்டுக்குள் வரும். அதனால்தான் அவள் புருஷன் செல்லப்பன், யாரோ காட்டேஜ்காரர் கழித்துப் போட்ட இந்த மெஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான். துவைக்க அல்ல, பிழிய. வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த சந்தில் அது நின்றது. மதியம் கழிந்ததுமே மூடுபனி காப்பிச் செடிகளைத் தாண்டி வந்து சந்தின் வாயில் நின்றுகொண்டது. பல்பு போட்டும் வெளிச்சம் சுவரோடு சரி.

உள்ளே இரண்டு கம்பளிக்கு அடியில் மகள் கிடந்தாள். எத்தனை தடவை மாற்றினாலும் கவுன் நனைந்துவிடுகிறது. வேர்வை என்றார் டாக்டர். நெஞ்சில் சளி இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது, சூடாக மட்டும் வைத்துக்கொள் என்றார். சுகுணா அந்தக் கவுனை முகர்ந்து பார்த்திருந்தாள். அது வேர்வை வாடை இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம்.

போன மாதம் எஸ்டேட்டின் தண்ணீர்த் தொட்டியில் பிள்ளை விழுந்துவிட்டாள். காப்பிப் பழம் அலசுகிற பழைய தொட்டி, பாசி பிடித்த பச்சைத் தண்ணீர், அடி தெரியாது. கயிறு கட்டி இறங்கிய ஆள் வெறுங்கையோடு இரண்டு முறை மேலே வந்தான். விளிம்பில் மண்டியிட்டு சுகுணா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். தொழிலாளர் லயன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். "கண்ணு, வந்துரு கண்ணு. வா சாமி, ஊட்டுக்குப் போலாம்." அவளுக்குப் புவனா என்று ஒரு பெயர் உண்டு. அது பள்ளிக்கூட அட்டெண்டன்ஸோடு சரி. இங்கே எல்லாப் பிள்ளையும் கண்ணுதான். மூன்றாம் முறை அந்த ஆள் கையைக்கூட நீட்டவில்லை. பிள்ளை தானாகவே மிதந்து மேலே வந்தாள், கண்ணைத் திறந்துகொண்டு.

அன்றிலிருந்து அந்த உடம்பில் சூடு ஏறவில்லை. இன்றைக்காவது ஒரு கவுனைக் காயவைத்து மாட்டிவிட்டால் பிள்ளை பழையபடி ஆகிவிடுவாள் என்று சுகுணா உறுதியாக நம்பினாள். நம்புவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

டவுனில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற நல்லமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க்கா, யூஈ-ன்னு எழுத்துக் காட்டுதுங்களா? அப்ப மெஷின்ல கோளாறில்லீங்க. துணி ஒரு பக்கமாச் சேந்துகிட்டா அப்படித்தான் நிக்கும். பிரிச்சு வட்டமாப் போட்டு உடுங்க."

"போட்டாச்சு தம்பி. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன். பாப்பாவுக்கு மாத்தறதுக்குத் துணியே இல்ல."

"வெள்ளக்கடை ரோட்டுல மரம் உளுந்து கிடக்குதுங்க்கா. பஸ்ஸே வரலீங்க."

செல்லப்பனும் அதனால்தான் சேலத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். நல்லமுத்து போனிலேயே சொல்லச் சொல்ல அவள் செய்தாள். மூடி மேல் டம்ளரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தாள். ஆடிய காலுக்கு அடியில் பலகைத் துண்டு செருகினாள். டிரம்மின் விளிம்பை நாலு பக்கமும் அமுக்கினாள்; நாலும் ஒரே மாதிரி மேலே எழும்பின. தாங்குகிற கம்பிகள் நன்றாக இருக்கின்றன என்றான். துணியை எல்லாம் எடுத்துவிட்டுச் சும்மா சுற்றவிடச் சொன்னான்.

சுற்றவிட்டாள். தொம். தொம். பீப்.

"உள்ள என்னமோ கிடக்குதுங்க்கா."

"கைய உட்டுத் தடவிட்டேன் தம்பி. ஒண்ணுமில்ல."

"காலி மெஷின் நொம்பக் கனம்னு சொல்லாதுங்களே" என்றான்.

மெஷின் தன் பாட்டுக்குத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தது. பாரத்தைச் சரிக்கட்ட அது அப்படித்தான் செய்யும் என்று அவன் சொன்னான். தண்ணீர் ஏறுகிற சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருந்தது, வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேச முயல்வதைப் போல. அவள் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, டிரம்மைக் கையால் தள்ளிவிட்டாள். அது பாதி சுற்றிப் பின்வாங்கி நின்றது. பாரம் அவள் நிற்கிற பக்கம் வந்திருந்தது. சுவர்ப் பக்கம் போய் நின்று தள்ளினாள். பாரம் சுவர்ப் பக்கம் வந்தது. எங்கே நின்றாலும் அவளிடமே வந்தது.

உள்ளே ஓடினாள். மகள் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். பாய் நனைந்திருந்தது. காய்ந்த இடத்துக்கு மாற்றலாம் என்று அள்ளித் தூக்கியபோது கை சும்மா மேலே போயிற்று. கவுனின் ஈரத்துக்கு எவ்வளவு கனமோ அவ்வளவுதான்.

சாப்பிடவில்லை, இளைத்துவிட்டாள். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே சந்துக்குத் திரும்பினாள்.

"கடைசியா ஒண்ணு பாக்கலாம்க்கா" என்றான் நல்லமுத்து. "எதிர்ப்பக்கம் அதே கனத்துக்கு எதையாச்சும் வெச்சு உடுங்க. ஈரக் கம்பளி மாதிரி."

ஈரக் கம்பளி போதவில்லை. இரண்டு கம்பளியும் போதவில்லை. மூலையில் ரேஷன் அரிசிப் பை பிரிக்காமல் இருந்தது. மழைக்குத் தலையில் போடுகிற பிளாஸ்டிக் தாளில் அதைச் சுற்றிக் கட்டி டிரம்முக்குள் இறக்கினாள். பைத்தியக்காரத்தனம்தான். கவுன்களை மேலே போட்டு மூடியைச் சாத்தினாள்.

மெஷின் சுற்றியது. இடிக்கவில்லை. வேகம் பிடித்தது. ஒரே சீரான இரைச்சல். சுகுணாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஓடுது தம்பி, நல்லா ஓடுது. நீ நல்லாயிருப்ப" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அடியில் கிடந்த கழிவுக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பச்சையாக. சோப்பு வாடை இல்லை. அழுகிய பழத்தோலும் பாசியும் கலந்த வாடை. சில்வர் ஓக் இலை ஒன்று வந்தது. பிறகு சிவப்பு ரிப்பன். அன்று காலை அவளே பின்னிவிட்ட ரிப்பன், தொட்டியில் தொலைந்துபோன ரிப்பன்.

ரேஷன் வாங்கிவருகிற நாளெல்லாம் செல்லப்பன் ஒரு தோளில் அரிசிப் பையும் மறு தோளில் மகளுமாக மேடேறி வருவான். ரெண்டும் ஒரே கனம், தோள் சாயாது பார் என்று கேலி செய்வான்.

ஒரே கனம்.

கண்ணு என்றுதானே கூப்பிட்டோம். எல்லோரும். யாருடைய கண்ணு என்று சொல்லவில்லை. பெயரைச் சொல்லவே இல்லை. அதனால் வேறு ஏதோ ஒன்று வந்துவிட்டது.

"புவனா" என்றாள். நாக்குக்குப் பழகாத பெயர்.

வீட்டுக்குள்ளிருந்து பதில் இல்லை.

"புவனா."

"அம்மா" என்றது குழாய்த் தண்ணீர்.

பிளக்கைப் பிடுங்கினாள். டிரம் தள்ளாடி நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. குழாயை உயரத் தூக்கினாள்; அடியில் இணைப்பு விட்டுக்கொண்டு அங்கிருந்து கொட்டியது. தண்ணீர் சாக்கடைத் துளைக்கு ஓடியது. முந்தானையைச் சுருட்டித் துளையில் திணித்தாள். துணியை நனைத்துக்கொண்டு அடியில் இறங்கியது. வாளி. குண்டான். டம்ளர். அள்ளினாள். வாளியின் அடியில் விரிசல்.

"அம்மா, போறேம்மா."

"போவாத சாமி. இரு. அம்மா புடிச்சுக்கறேன்."

சத்தம் துளைக்குள் போயிற்று. அதற்கும் கீழே போயிற்று.

தரையில் மிச்சம் இருந்ததை இரு கையிலும் ஏந்தினாள். ஒரு வாய்த் தண்ணீர். அது கதகதப்பாக இருந்தது. விரல்களை இறுக்கினாள்.

பின்னால் காலடி. கனமான காலடி.

வாசலில் அது நின்றது. கூந்தல் காய்ந்திருந்தது. கவுன் காய்ந்திருந்தது. கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது. இரண்டு கைகளையும் மேலே நீட்டியது.

"குளுரு போயிருச்சும்மா. என்னத் தூக்கு."

சுகுணா ஏந்திய கையோடு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.