கள்ளியடி ஈரம்

கள்ளியின் அடிமண் ஈரமாக இருந்தது. சென்னியப்பன் ஒரு பிடி கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். சேறு. சித்திரை வெயிலில் சேந்தமங்கலம் பக்கத்துக் காடெல்லாம் வாய் பிளந்து கிடக்க, இருபது நாளாக யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாத இடத்தில், சேறு.

தண்ணீருக்காக ஏழு போர் போட்டுப் புழுதிப் புகையை மட்டுமே பார்த்த மனிதர் அவர். தென்னை மொத்தமும் காய்ந்த பிறகு, மனைவி சௌந்திரம்தான் வீட்டு முன்னால் சரளைக்கல் பரப்பி, தண்ணீர் கேட்காத செடிகளாகப் பார்த்து வைத்தாள். நடுவில் சேலத்து நர்சரியிலிருந்து வந்த இந்தக் கள்ளி, தூண் போல நெட்டுக்குத்தாக. ராத்திரியில் மட்டும் பூக்குமாம். ஒரே வருஷத்தில் கூரையைத் தொட்டுவிட்டது. இன்றைக்குப் பொழுது சாயும்போது பதினோரு மொட்டுகள் தலை தூக்கி நின்றன.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவருக்கு. கீழே தண்ணீர் ஓடுகிறது! குடுமித் தேங்காய் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் படுக்க வைத்து நடந்தார். நீரோட்டத்துக்கு மேல் வந்தால் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கள்ளியருகே எழுந்து நின்றது. அது நின்ற வழியே காலடி காலடியாகப் போனார். வாசற்படி, கூடம், படுக்கையறை.

வெக்கைக்குத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள் சௌந்திரம். ஒரு மாதமாகவே துவண்டு கிடக்கிறாள். குடம் குடமாகக் குடித்தும் உதடு வெடித்திருந்தது. வெயில் காந்தல் என்று டாக்டர் சொன்னதை இவரும் நம்பித் தொலைத்தார்.

"ஏ புள்ள, ஊட்டுக்கடியிலயே தண்ணி ஓடுது! நாளைக்கே போர் போடற ரிக்கு வண்டிக்குச் சொல்லிப்போடறேன்."

"மொதல்ல எனக்கொரு சொம்பு குடுங்க. நாக்கு ஒட்டிக்கிச்சுங்க."

குடித்தாள். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது சொம்பை மொண்டு அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, இடத்தைக் குறிக்கலாம் என்று பாயைச் சுற்றி வந்தார். வெறும் தரையில் தேங்காய் படுத்துவிட்டது. இந்தப் பக்கம் வந்தார். படுத்தே கிடந்தது. கையை அவள் மேல் நீட்டினார்.

நின்றது.

நெஞ்சுக்கு மேல் நின்றது. வயிற்றுக்கு மேல் நின்றது. கால்மாட்டில் கிறுகிறுவென்று சுற்றியது. வெளியிலிருந்து ஒரு வாசம் வர ஆரம்பித்தது, திகட்டுகிற தித்திப்பாக.

"சௌந்திரம், காலு எப்படியிருக்குது?"

"இருட்டுனா மரத்துப் போகுதுங்க. தெனமும் இப்படித்தான்."

மரத்த காலுக்கு அவள் போர்த்தியிருந்த போர்வையை விலக்கினார்.

சுவரோரத் தரை வெடிப்பிலிருந்து விரல் பருமனில் ஒரு வெள்ளை வேர் வந்து அவள் குதிகாலுக்குள் போயிருந்தது. சொட்டுநீர்க் குழாய் மாதிரி. துடித்துக்கொண்டிருந்தது.

பயத்தில் அவருக்குப் புத்தி மழுங்கியது. ஓடிப்போய் அரிவாளை எடுத்து வந்தார். ஒரே வெட்டு.

ரத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர். குபுகுபுவென்று, அவள் குதிகாலிலிருந்து.

"ஐயோ சாமி!"

இரண்டு கையாலும் அமுக்கினார். முழங்காலைக் கொடுத்து அமுக்கினார். வருஷக்கணக்காக வா வா என்று கூப்பிட்ட தண்ணீரைப் போதும், நின்னுரு என்று கெஞ்சினார். விரலிடுக்கில் வழிந்தது. "வெங்கடாசலம்! யாராச்சும் வாங்களே!" பக்கத்துத் தோட்டத்துக்காரன் வீட்டில் விளக்கு எரிந்தது. ஆள் வரவில்லை.

வெட்டுப்பட்ட வேர் கண் தெரியாதவன் கை போலத் தரையைத் துழாவியது. தண்ணீரைக் கண்டது. வாய் வைத்துப் படுத்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று ஒன்று விரிந்தது. அப்புறம் இன்னொன்று.

சௌந்திரத்தின் கன்னம் எலும்போடு ஒட்டிக்கொண்டே போனது. கண் மட்டும் அவரை விட்டு நகரவில்லை.

"ஏனுங்க..."

"சொல்லு சாமி, சொல்லு."

"தண்ணி."

நிறைந்த சொம்பு அவள் தலைமாட்டில் இருந்தது. ஒரு கையை எடுத்தால் எட்டிவிடும்.