குழி காட்டிப் போனவன்

முன்னால் போய்க்கொண்டிருந்த றினோஸ் இடது கையைத் தாழ்த்தி, விரலால் தரையைக் குத்துவதுபோல் காட்டினான். குழி இருக்கிறது, விலகு என்று அர்த்தம். வாகினி பழக்கத்தில் சைக்கிள் ஹாண்டிலை வலப்பக்கம் ஒடித்தாள். ஒடித்த பிறகுதான் பார்த்தாள். அங்கே குழி இல்லை. புதிதாகத் தார் போட்ட காபட் ரோடு, மழையில் நனைந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் கறுப்பாய்க் கிடந்தது.

விளையாடுகிறான் என்று நினைத்தாள். மாத்தளை டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் றினோஸ் பகிடிக்காரன்தான். ஆனால் ரோட்டில் பகிடி விடமாட்டான். ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது முன்னால் போகிறவருக்கு மட்டும்தான் ரோடு தெரியும், மற்றவர்களுக்குத் தெரிவது ஒரு முதுகு, அந்த முதுகை நம்பித்தான் போக வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறவன் அவன்.

அடுத்த மாதம் ஒரு சைக்கிள் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய பாதை இது. நாவுலப் பக்கம் தொடங்கி, நீர்த்தேக்கத்தின் கரையோடு வளைந்து, மலை இறங்கி வில்கமுவ போய்ச் சேரும். அதற்கு முன்னால் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிடலாம் என்று மூன்று பேர் கிளம்பியிருந்தார்கள். றினோஸ், யட்டவத்த பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கும் வாகினி, அவளுடைய அண்ணன் நிரூபன். நிரூபனுக்கு முழங்காலில் ஒபரேஷன் செய்து இன்னும் வருஷமாகவில்லை. வரவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவன் கேட்கவில்லை.

மதியம் வரைக்கும் வெயில்தான். பிறகு மலை உச்சியில் மேகம் உட்கார்ந்தது. சந்திக் கடையில் பிளேன்டீ குடிக்கும்போது தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது. றினோஸ் அவசரப்படுத்தினான்.

"இருட்ட முந்தி அந்தப் பக்கம் இறங்கிடணும். யானை ரோட்டுக்கு வந்துட்டா விடியும் வரைக்கும் நிக்கத்தான். நான் முன்னுக்குப் போறேன், நீங்க ரெண்டு பேரும் ஒட்டியே வாங்க."

அவன் சாம்பல் நிற மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நிரூபன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான்.

"அஜந்தாகிட்ட வலிச்சதுன்னு சொல்லிடாத. அப்புறம் சைக்கிளையே வித்துப்போடுவா."

"அண்ணி கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

"கேக்காத மாதிரி நடந்துக்கோ."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தபோது அந்தச் சாம்பல் முதுகு ஏற்கெனவே ரோட்டில் ஏறியிருந்தது. அதன் பின்னாலேயே போனார்கள்.

இப்போது மறுபடியும் கை தாழ்ந்தது. இந்தத் தடவை வலது பக்கம். அங்கேயும் ஒன்றும் இல்லை. வாகினி விலகவில்லை. சில்லு வழுவழுப்பான காபட்டில் சத்தமில்லாமல் ஓடியது. கொஞ்சத் தூரம் போனதும் அவன் உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் விரித்துக் காட்டினான், மெதுவாக வா என்று. பிறகு ரோட்டின் நடுவில் எதையோ சுற்றுவதுபோல் அகலமாக வளைந்து, வளைந்த இடத்தில் பக்கவாட்டில் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். கிராமத்துக்குள் போகும்போது வாசலில் நிற்கிறவர்களுக்கு அப்படித்தான் தலையாட்டுவார்கள். அந்த இடத்தில் வாசல் இல்லை, வீடு இல்லை. ரோட்டின் ஒரு பக்கம் மலைச்சரிவு, மானாப்புல். மறுபக்கம் சரிவின் கீழே தண்ணீர், தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்கள், அவற்றின் மொட்டைக் கிளைகளில் சிறகை விரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகங்கள்.

மழை நூலாகப் பெய்தது. அவளுடைய முன்சில்லு ரோட்டுத் தண்ணீரை வாரி அவள் முகத்தில் தெளித்தது. வாயில் தாரும் மண்ணும் கலந்த ருசி. இத்தனை நெருக்கத்தில் ஒருவன் பின்னால் போனால் அவன் சில்லு தெளிக்கும் தண்ணீரும் முகத்தில் அடிக்க வேண்டும். அது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. றினோஸின் பின்சில்லிலிருந்து ஒரு துளிகூட எழும்பவில்லை. அவனுடைய பின்லைட் மினுங்கி மினுங்கி எரியும் ரகம். இது மினுங்கவில்லை. சிகரெட் நுனி மாதிரி ஒரே நிதானமாக, மங்கலாக, சிவப்பாக இருந்தது.

"றினோஸ்," என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் நில்லுங்க. அண்ணா பின்தங்கிட்டாரு."

அவன் திரும்பவில்லை. வலது பக்கம் கையைக் காட்டிவிட்டு வலப்பக்கம் திரும்பினான். இரண்டு வெள்ளைக் கொங்கிரீட் கட்டைகளுக்கு நடுவே அவள் அவன் பின்னால் நுழைந்தாள். அப்போது அது அவளுக்கு ரோடு திரும்பும் ஒரு முடக்காகத்தான் தெரிந்தது. பனி ரோட்டுக்கு இறங்கியிருந்தது. இறக்கம் சுகமாக இருந்தது. பெடலை மிதிக்கத் தேவையில்லை. பின்சில்லின் டிக்டிக் சத்தம் மட்டும், அவளுடையதும் சற்றுத் தூரத்தில் அண்ணனுடையதும்.

கை இடது பக்கம் தாழ்ந்தது. அவள் விலகவில்லை. சில்லு குழியில் தடாரென்று விழுந்து எழும்பியது. பற்கள் மோதிக்கொண்டன.

இந்தத் தடவை குழி இருந்தது.

அதற்குப் பிறகு அவன் காட்டிய இடத்திலெல்லாம் குழி இருந்தது. காபட் எப்போது முடிந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே தேய்ந்த பழைய தார், பெயர்ந்த கல், அதன்மேல் காய்ந்து வெடித்து மறுபடி நனைந்த சேறு. சேற்றிலிருந்து செத்த மீனின் வாடை வந்தது. ரோட்டோரத்தில் அரை ஆள் உயரத்துக்குச் சுவர்கள், கூரை இல்லாமல், ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டையோடு, வரிசையாக.

காதில் செருகியிருந்த இயர்போனில் போன் அடித்தது. பொத்தானை அழுத்தினாள்.

"வாகினி, நீங்க எங்க இரிக்கிறீங்க?" றினோஸின் குரல். அதன் பின்னால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம்.

அவள் பதில் சொல்லுமுன் அவனே தொடர்ந்தான்.

"நான் இன்னும் கடையடியிலதான் நிக்கிறேன். செயின் அத்துப்போச்சி, கடைக்குப் பின்னால வெச்சுப் போட்டுக்கிட்டிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் போறதக் கண்டு எவ்வளவு கத்தினேன். திரும்பியும் பாக்கல்லயே. ரோட்டுல யாருமே இல்லாம எதைப் பாத்து அப்படி வேகமாப் போனீங்க?"

முன்னால் சாம்பல் முதுகு போய்க்கொண்டிருந்தது. மழைக்கோட்டு அல்ல அது. சேறு. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் காய்ந்து பொருக்குத் தட்டிய சேறு. பின்னால் கெரியர் வைத்த பழைய சைக்கிள்.

"வாகினி? வலப்பக்கம் ஒரு பழைய ரோடு பிரியும். கட்டை போட்டு மறிச்சிருக்காங்க. அதுல மட்டும் இறங்கிடாதீங்க. அணை கட்டினப்ப அந்த ஊரெல்லாம் தண்ணிக்குள்ள போயிட்டு, இப்ப தண்ணி வத்தினதால வெளிய தெரியுது. ரோடு நேரா..."

குரல் அறுந்தது.

இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். சைக்கிள் சேற்றில் இழுபட்டு நின்றது. திரும்பினாள். நிரூபன் வந்துகொண்டிருந்தான். அவன் கண் அவள்மேல் இல்லை. அவளைத் தாண்டி எங்கேயோ குத்தியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அண்ணா, நில்லுங்க. அண்ணா."

பக்கத்தில் வந்தவனின் ஹாண்டிலை எட்டிப் பிடித்தாள். அவன் ஒரு காலை ஊன்றினான். தூக்கத்திலிருந்து எழும்பியவன்போல அவளைப் பார்த்தான்.

"றினோஸ் போறானே."

"அது றினோஸ் இல்ல. றினோஸ் கடையில நிக்கிறாரு. இப்பதான் பேசினேன்."

இருவரும் கீழே பார்த்தார்கள். ரோடு நேராக இறங்கி, எந்தத் தடுப்பும் இல்லாமல் தண்ணீருக்குள் போனது. தண்ணீரின் விளிம்பில் அவன் நின்றான். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். பின்தங்கியவர்களுக்காகக் காத்து நிற்கும் நிற்பு. முதுகு இவர்கள் பக்கம்தான் இருந்தது. திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி விரல்களை மடக்கினான். வா.

நிரூபனின் கால் பெடலைத் தேடியது. அதை அவள் பார்த்தாள்.

"மேல போவோம்," என்றாள். "என்னையப் பாருங்க. மேல போவோம். நீங்க முன்னுக்குப் போங்க."

"என்னால ஏத்தத்துல முடியாது வாகினி. நீ முன்னால போ. நான் உன் முதுகையே பாத்துக்கிட்டு வாறேன்."

அவள் சைக்கிளைத் திருப்பினாள். சின்னக் கியரில் போட்டு ஏறினாள். சேறு சில்லைப் பிடித்து இழுத்தது. தொடை எரிந்தது. பின்னால் அண்ணனின் மூச்சு இரைத்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் போதும்.

"இருக்கீங்களா அண்ணா?"

"இருக்கேன்." மூச்சு வாங்கியது.

கூரையில்லாத சுவர்கள் இரண்டு பக்கமும் கடந்து போயின. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓட்டைகள் பக்கம் பார்க்கவே இல்லை. முன்னால் ஒரு குழி வந்தது. அண்ணனின் முழங்காலை நினைத்துக் கையைத் தாழ்த்திக் காட்டினாள். விலகி ஏறினாள்.

பின்னால் ஒரு சில்லு குழியை விலகும் சத்தம். சரளைக் கல் நெரிபட்டது.

பிறகு இன்னொரு சில்லு.

பிறகு இன்னொன்று.

ஒவ்வொன்றாக. நிதானமாக. அதே இடத்தில், அதே கல்லின்மேல். முடியவேயில்லை.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

திரும்பிப் பார்க்கக்கூடாது. வெள்ளைக் கட்டைகள் தெரிகிற வரைக்கும் பார்க்கக்கூடாது. செத்த மீனின் வாடை பிடரிக்குப் பக்கத்தில் இருந்தது. ஈரமாக. குளிராக. மழை நின்றிருந்தது. அதனால் எல்லாம் நன்றாகக் கேட்டது. காய்ந்த செயின்கள் கிறீச்சிடும் சத்தம். துருப்பிடித்த மட்கார்டு ஒன்று அடித்துக்கொள்ளும் சத்தம். அவளுடைய மூச்சு.

அவளுடைய மூச்சு மட்டும்.

"அண்ணா?"

"இருக்கேன்."

அண்ணனின் குரல்தான். ஆனால் அதில் இரைப்பில்லை. இந்த ஏற்றத்தில், அந்த முழங்காலோடு, கதிரையில் உட்கார்ந்து பேசுகிறவன்போலச் சொன்னான்.

அவள் எழும்பி நின்று மிதித்தாள். கட்டைகள். காபட். கறுப்பு ரோடு. தூரத்தில் ஒரு டோர்ச் வெளிச்சம் ஆடி ஆடி ஓடிவந்தது. றினோஸ். உண்மையான றினோஸ், நனைந்து, கை முழுக்கச் செயின் எண்ணெயோடு. அவன் அவள் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினான்.

"நிரூபன் எங்க?"

"பின்னால வாறாரு," என்றாள். "என் பின்னாலதான் வாறாரு."

றினோஸ் அவளுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தான். டோர்ச்சைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

அவள் திரும்பினாள்.

பனி விலகியிருந்தது. கட்டைகளுக்கு அப்பால் பழைய ரோடு அடிவரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. முதலாவது புள்ளி தண்ணீருக்குள் நுழைந்தும் அணையவில்லை. இரண்டாவதும் அணையவில்லை. அவை தண்ணீருக்கு அடியில் ரோட்டின் வளைவோடு வளைந்து, ஒன்றின் பின் ஒன்றாக, அவசரமில்லாமல் போயின.

வரிசையின் கடைசியில் நிரூபனின் நீல மழைக்கோட்டு. முழங்கால் இரண்டும் வலியில்லாமல் சீராக ஏறி இறங்கின. தண்ணீர் அவன் சில்லைத் தொட்டது. பெடலைத் தொட்டது. இடுப்பைத் தொட்டது.

அவனுக்குப் பின்னால் யாருமில்லை. கடைசியாகப் போகிறவன் யாருக்கும் குழி காட்டத் தேவையில்லை.

அவன் இடது கையைத் தாழ்த்தி, தரையைக் காட்டினான்.