நீலம் திறக்கும் நேரம்

"செத்துப்போன செடியைத்தான் விப்பீங்களா?"

தொட்டி மேசைமேல் டங்கென்று உட்கார்ந்தது. நர்சரியில் செடி பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள். அவள் மண் ஒட்டிய கையோடு நிமிர்ந்தாள். எதிரே, தூறலில் நனைந்த சட்டையோடு ஒருவன். பெரிய கண்கள், கோபத்தில் சிவந்து... கோபப்படும்போதாவது இவன் கொஞ்சம் அசிங்கமாக இருக்கக்கூடாதா?

தொட்டியில் நீல டெய்சி. போன வாரம் அவளுடைய அப்பா விற்றது. இதழ்களெல்லாம் பின்பக்கமாகச் சுருண்டு, நடுவிலிருந்த மஞ்சள் பொட்டு மட்டும் விழித்துக்கொண்டிருந்தது.

"இது சாகல சார். தூங்குது."

"பட்டப்பகல்லயா?"

"வெயில் இல்லாட்டி இதுக்குப் பகலே கிடையாது. மேகம் போட்டா சுருட்டிக்கும், வெயில் வந்தா விரிச்சுக்கும்."

அவன் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்தது. "அப்போ... வீட்டுப் பாத்தியில நட்டதெல்லாம்..."

"என்ன பண்ணீங்க?"

"வாடின பூவை நறுக்கிவிட்டா புதுசா பூக்கும்னு உங்கப்பாதான் சொன்னாரு. காலையில கத்தரியை எடுத்து... ஒண்ணு விடாம..."

அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அவன் கண்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றது.

அவனுடைய அம்மாவுக்கு நேற்றுக் கண்புரை ஆபரேஷன். பல வருஷமாக எதைப் பார்த்தாலும் பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோலத்தான், நீலமெல்லாம் சாம்பலாகிவிட்டது. "வீட்டுக்கு வந்ததும் நல்ல நீலமா ஒண்ணு பார்க்கணும்டா" என்றாராம். வாசல் பாத்தி முழுக்க நீலம் இருக்கும் என்று இவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். இன்று மதியம் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வருகிறார்.

"மறுபடி பூக்க எத்தனை நாள்?"

"நாளா? வாரக்கணக்கு."

அவள் பார்வை பின்வரிசைக்குப் போனது. அவளே குச்சி நட்டு வளர்த்த தொட்டிகள், கொத்துக் கொத்தாக மொட்டும் பூவும்...

"உன் கண்ணு அங்க போக வேண்டாம்" என்றார் அப்பா, பின்னாலிருந்து. "நாலு பேர் முன்னாடி செத்த செடியை விக்கிறவன்னு சொன்ன வாய் அது. ஒரு தொட்டிகூட அந்த வீட்டுக்குப் போகாது."

அவன் விறுவிறுவென்று வாசல்வரை போய்விட்டான். போகட்டும் என்று நினைத்தாள்... அய்யோ, போய்விடுவானோ என்றும் நினைத்தாள். அவன் திரும்பி வந்தான். அந்த நாலு பேரையும் பார்த்தே உரக்கச் சொன்னான். "செடி நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னுது. ஐயா, மன்னிச்சிடுங்க."

அப்பா கையிலிருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் தொட்டி போகாதுன்னா போகாது. அவ சொந்தமா வளர்த்தது எங்க போகுதோ, எனக்குத் தெரியாது. வேன் சாவி ஆணியில தொங்குது."

அவன் வீட்டு வாசலில், மொட்டையடித்த பாத்தியில் தொட்டிகளை, திருப்பி எடுக்க வசதியாக, விளிம்புவரை புதைத்தார்கள். ஈர மண்ணுக்குள் விரல்கள் ஒருமுறை மோதி, சட்டென்று விலகின. ஒரு பூகூட விரியவில்லை. வானம் இறுகிக் கிடந்தது.

"வெயில் வராட்டி?"

"நீங்கதான் ஊதி ஊதித் திறக்கணும்."

அவன் சிரிக்கவில்லை. கார் வந்துவிட்டது. அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு அம்மா இறங்கினார். பாத்தியைப் பார்த்தார்.

"எங்கடா நீலம்?"

அவன் வானத்தைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள். "உள்ளதான் இருக்கும்மா. வெயிலுக்குக் காத்திருக்கு."

"நானும்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். ஒரு நாற்காலி போடு."

காத்திருந்தார்கள். மேகம் விலகுவதுபோல் விலகும்... மறுபடி மூடிக்கொள்ளும். அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"தொட்டியை எப்ப எடுத்துட்டுப் போவீங்க?"

"பூ விரிஞ்சு அம்மா பார்த்ததும்."

"அப்போ..." அவன் குரல் இறங்கியது. "வெயில் கொஞ்சம் மெதுவாவே வரட்டும்."

"டேய்" என்றார் அம்மா, திரும்பாமலே. "ஆபரேஷன் கண்ணுக்குத்தான். காது நல்லாவே கேக்குது."

அவளுக்குக் காதுமடல் சுட்டது. அந்த நேரம் பார்த்து வெளிச்சம் தெருவில் விழுந்து, கேட்டைத் தாண்டி, பாத்திக்குள் இறங்கியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நேரம் போகப் போக, ஓரத்துப் பூவில் ஓர் இதழ் மெல்ல நெகிழ்ந்தது. இன்னொன்று... பக்கத்துப் பூவில் ஒன்று...

அம்மா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாற்காலியோடு முன்னால் சாய்ந்தார். "அடேயப்பா... இவ்வளவு நீலமாவா இருக்கும்?"

"அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா."

"அவரு கிடக்காரு, போடா."

அவன் இவளிடம் திரும்பினான். "அம்மா பார்த்துட்டாங்க. தொட்டி..."

அவள் குந்தி உட்கார்ந்து ஒரு தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்தாள். மண்ணோடு வந்த வேர்க்கட்டியைக் குழிக்குள் வைத்து அமுக்கினாள்.

"இனிமே எடுக்க முடியாது. வேர் ஊனுற வரைக்கும் நான் வந்து பார்க்கணும்."

"ஊனின பிறகு?"

அவள் மண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்புறம் செடியைச் சாக்குச் சொல்ல மாட்டேன். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்னு சொல்லுவேன்."