தூசியில்லாத வானம்

அந்த வீட்டில் எப்போது பார்த்தாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அண்ணனுக்குப் பார்சல் கிடங்கில் இரவு வேலை. காலையில் வந்து படுப்பான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் பகல் வேலை. சாயங்காலம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கண் சொக்கிவிடும். இந்த இரண்டு தூக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் கடுகு.

கடுகு என்று பெயர் வைத்தது அண்ணன்தான். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். பிறகு அவள் வளர்ந்துவிட்டாள். பெயர் வளரவில்லை. சத்தமில்லாமல் கதவைத் திறக்க, சத்தமில்லாமல் தட்டைக் கழுவ, சத்தமில்லாமல் தும்மக்கூட அவளுக்குத் தெரியும்.

அண்ணனிடம் ஒரு படம் இருந்தது. விண்வெளிப் படம். தியேட்டருக்கு வந்த வேகத்தில் திரும்பிப் போன படம். அதன் கதாநாயகன் எந்நேரமும் யாரையாவது அடித்துக்கொண்டே இருப்பான். அடிக்க ஆள் கிடைக்காவிட்டால் வசனம் பேசுவான். அது இன்னும் மோசம்.

ஆனால் அதில் திருகாணி என்று ஒரு குட்டி ரோபோ வரும். விண்கலத்தின் கதவுகளைத் திறந்து மூடுவதுதான் அதன் வேலை. வழியில் ஒரு நிலாவில் எல்லாரும் அதை மறந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதோடு படமும் அதை மறந்துவிடும்.

அண்ணனால் மட்டும் மறக்க முடியவில்லை. பள்ளியில் படிக்கும்போதே அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக வெட்டி, வேறு வரிசையில் ஒட்டினான். அடிதடியைத் தூக்கினான். திருகாணியைக் கதாநாயகன் ஆக்கினான். முடிவுக்கு, அதே படத்தில் வேறெங்கோ கிடந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து சேர்த்தான். திருகாணி நிலாவில் தனியாக நின்று வானத்தைப் பார்க்கிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி மினுக்கென்று அசைகிறது. கொஞ்சம் பெரிதாகிறது. விண்கலம் திரும்பி வருகிறது! அவ்வளவுதான், படம் முடிந்தது.

கடுகுக்கு அந்தப் புள்ளி ரொம்பப் பிடிக்கும்.

இப்படிப் படங்களை வெட்டி ஒட்டுகிற ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. அங்கே கண்டிப்பான ஒரு விதி. யாரும் எதையும் விற்கக் கூடாது. அசல் படத்தின் டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு மட்டும்தான் புதிய வடிவத்தை அனுப்புவார்கள். டிஸ்க் தங்களுடையதுதான் என்று காட்ட, அதன் மேல் ஒரு ஸ்பூனை வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஏன் ஸ்பூன்? யாருக்கும் தெரியாது.

அண்ணனுக்கு வருகிற ஸ்பூன் படங்களைச் சரிபார்ப்பது கடுகின் வேலை.

"அண்ணா, இவர் கரண்டி வச்சிருக்காரு. செல்லுமா?"

"டிஸ்க் தெரியுதா?"

"கரண்டிதான் தெரியுது."

"அப்போ மறுபடி எடுக்கச் சொல்லு."

இத்தனை பேர் கேட்கக் காரணம், அண்ணன் தான் வெட்டி ஒட்டிய பழைய படத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்லியிருந்ததுதான். பழையது மழைநாளில் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் மங்கலாக இருந்தது. இப்போது ஒவ்வொரு துண்டையும் நல்ல டிஸ்க்கிலிருந்து புதிதாக எடுத்து, நிறத்தையும் சத்தத்தையும் சரிசெய்துகொண்டிருந்தான். தூங்கி எழுந்ததற்கும் வேலைக்குக் கிளம்புவதற்கும் இடையே கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம். மாதக்கணக்கில் இழுத்தது. அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது.

தப்பு கண்டுபிடிப்பதும் கடுகுதான். இங்கே வசன எழுத்து முந்துகிறது, அங்கே குரல் பிந்துகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள், "கதவு மூடினப்புறம்தான் அண்ணா சத்தம் கேக்குது" என்றாள்.

அண்ணன் திரும்பவில்லை. "இன்னும் ஒரே ஒரு தப்பு சொன்னே, மொத்தத்தையும் அழிச்சிடுவேன்."

கத்தியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். அவன் கத்தவில்லை. கத்தக்கூடத் தெம்பில்லாதவன்போலச் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை காலை வேலையிலிருந்து வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்தான். முந்தின நாள் ஓட விட்டுப் போயிருந்த கடைசி வேலை முடிந்திருந்தது. படம் தயார்.

"பழைய ஃபிலிம்ல இருந்த தூசிப் புள்ளி எல்லாத்தையும் கம்ப்யூட்டரே துடைச்சிருக்கும். நான் வேலைக்குக் கிளம்பறப்போ எல்லாருக்கும் அனுப்பிடறேன்" என்றான். "நீ வேணும்னா பாரு. சும்மா பாரு. போலீஸ் மாதிரி பாக்காதே."

சொல்லிக்கொண்டே கட்டிலில் விழுந்தான்.

கடுகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்து வைத்ததுபோல் அவ்வளவு சுத்தம். திருகாணியின் கையில் இருந்த கீறல்வரை தெரிந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. திருகாணி தலையைத் தூக்கிப் பார்த்தது. வானம் கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. இசை உயர்ந்தது. திருகாணி பார்த்துக்கொண்டே நின்றது. எந்தப் புள்ளியும் அசையவில்லை. யாரும் வரவில்லை. படம் முடிந்தது.

கடுகு பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். படம் முழுக்க அதே கதைதான். எங்கெல்லாம் வானமோ அங்கெல்லாம் வெறும் இருட்டு. விண்கலத்தின் கேப்டன் கன்னத்திலிருந்த மச்சத்தைக்கூடக் காணோம்.

அவளுக்குப் புரிந்தது. கம்ப்யூட்டருக்குத் தூசியும் புள்ளி, நட்சத்திரமும் புள்ளி. வித்தியாசம் தெரியாமல் வழித்துத் துடைத்துவிட்டது. தூரத்தில் வந்த விண்கலத்தையும் சேர்த்து.

எழுந்து கட்டிலுக்குப் போனாள். அண்ணன் ஒரு காலில் ஷூவோடு தூங்கிக்கொண்டிருந்தான். முழங்கையில் ஏதோ பார்சலின் சீட்டு ஒட்டியிருந்தது: 'உடையும் பொருள். கவனமாகக் கையாளவும்.'

எழுப்ப நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள்.

எழுப்பிச் சொன்னால் அழித்துவிடுவான். சொல்லாவிட்டால், காத்திருக்கிற அத்தனை பேரும் திருகாணியை யாருமே கூப்பிட வராத படத்தைத்தான் பார்ப்பார்கள்.

தானே திருத்திவிடலாமா? துடைக்கும் வேலைக்கான டிக் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் அதை எடுத்துவிட்டால் நட்சத்திரம் திரும்ப வந்துவிடும். மவுஸைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள். இது அண்ணனுடைய படம். அவன் தூங்கும்போது அதில் கை வைப்பது அவனுடைய மேஜையைத் திருட்டுத்தனமாகக் குடைவதுபோல.

ஆனால் குறி வைக்கலாம். குறி வைத்தால் எதுவும் மாறாது. ஒரு பட்டனைத் தட்டினால் அந்த இடத்துக்கு மேலே பச்சையாக ஒரு கொடி நிற்கும், அவ்வளவுதான்.

படத்தை முதலிலிருந்து ஓட்டினாள். வானம் வந்தால் நிறுத்தி ஒரு கொடி. விண்கலத்தின் ஜன்னலுக்கு வெளியே வானம் எட்டிப் பார்த்தால் அங்கேயும் ஒரு கொடி. கண் எரிந்தது. முதுகு வலித்தது. அண்ணன் தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அம்மா வந்தாள். நாற்காலியில் சரிந்தபடியே அவளைப் பார்த்தாள்.

"என்னடி, நீயும் நைட் ஷிப்ட் போற ஆள் மாதிரி முழிக்கிறே?"

"ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கு."

"உத்தரவு" என்று சொல்லி அம்மா தூங்கிவிட்டாள்.

அண்ணன் எழுந்தான். முகம் கழுவி, டீயோடு வந்து உட்கார்ந்தான். "அனுப்பிடலாமா?"

"அண்ணா, கடைசி நிமிஷம் மட்டும் என்கூடப் பாரேன்."

"தப்பா?"

"பாரேன்."

பார்த்தான். இருண்ட வானம். திருகாணி. இசை. பாதியிலேயே டீயைக் கீழே வைத்துவிட்டான். படம் முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விண்கலத்தையே துடைச்சிட்டேன்" என்றான். பிறகு நெற்றியை மேஜையில் சாய்த்துக்கொண்டான். "என்னால முடியல கடுகு. எல்லாத்தையும் முதல்ல இருந்து தேடணும். இன்னொரு மாசம் என்கிட்ட இல்லை. அழிச்சிடறேன். நிம்மதியா தூங்கவாவது தூங்குவேன்."

நிமிர்ந்தான். அவன் கை மவுஸுக்குப் போனது.

"அழிச்சிட்டு நீ தூங்கிடுவே" என்றாள் கடுகு. "திருகாணி அங்கேயேதானே நிக்கும்?"

"அது பொம்மைடி."

"பொம்மைக்காகத்தான் இத்தனை மாசம் முழிச்சியா?"

அவள் அவனுடைய கையைத் தள்ளிவிட்டு வேலைப் பக்கத்தைத் திறந்தாள். படம் முழுவதையும் காட்டும் நீண்ட பட்டை மேல் வரிசையாகப் பச்சைக் கொடிகள் நின்றன.

"இது என்ன, ஊர்வலமா?"

"வானம் வர்ற இடமெல்லாம். நீ தேட வேண்டாம். கொடி இருக்கிற துண்டுல மட்டும் டிக்கை எடு. நான் எதையும் மாத்தல, குறி மட்டும்தான் வச்சேன்."

அண்ணன் முதல் கொடியைத் தட்டினான். சரியாக வானம். அடுத்தது. வானம். இன்னொன்று. கேப்டனின் முகம்.

"இங்க ஏன்?"

"மச்சம்."

அண்ணன் சிரித்தான். களைத்துப்போன சிரிப்பு, ஆனாலும் சிரிப்புதான். பிறகு மளமளவென்று டிக்குகளை எடுக்க ஆரம்பித்தான். கடைசிக் கொடி முடிந்ததும் படத்தை மறுபடி உருவாக்கும் வேலையை ஓட விட்டு, ஷூவைத் தேடினான். ஒன்று காலிலேயே இருந்தது.

"குழுவுல என்ன சொல்றது? இன்னைக்கின்னு சொல்லியிருக்கேனே."

"நான் எழுதறேன்" என்றாள் கடுகு. எழுதினாள்: 'ஒரு நாள் தாமதம். வானத்தைச் சரிசெய்கிறோம்.'

மறுநாள் காலை அண்ணன் வந்ததும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். திருகாணி நிலாவில் இறங்குவதற்குள் அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். கடுகு அவனுடைய ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைத் தனியாகப் பார்த்தாள். வானம் நிறைய நட்சத்திரங்கள். நடுவில் மினுக்கென்று புள்ளி. அது வருகிறவரை அவள் மூச்சே விடவில்லை.

"அண்ணா, அனுப்பட்டுமா?"

"ம்" என்றான், கண்ணைத் திறக்காமல்.

ஸ்பூன் படம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் அனுப்பினாள். மறுபடி சரியாக எடுத்து அனுப்பிய கரண்டிக்காரருக்கும்.

முதல் பதில் கரண்டிக்காரரிடமிருந்துதான் வந்தது.

'கடைசியில் திரையில் ஒரு புள்ளி. அழுக்கு என்று நினைத்துச் சட்டையால் துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன். அது பெரிதானது. என்னவென்று புரிந்ததும் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன்.'

கடுகு சத்தமில்லாமல் சிரித்தாள். பதில் எழுதினாள்:

'பரவாயில்லை. நாங்களும் துடைத்தோம்.'