பட்டியலில் இல்லாத ஃபைல்

"சிடியை இப்படியா பிடிப்பாங்க? ஓரத்தைப் பிடிங்க சார்!"

அதட்டியவளை நிமிர்ந்து பார்த்தான். பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகியிருந்தன. வெளியே மழை கொட்டியது. தொப்பலாக நனைந்து வந்தவனிடம் இப்படியா எரிந்து விழுவது?

சிடி அச்சடிக்கும் தொழிற்சாலையின் சோதனை அறை அது. வாடிக்கையாளர் தரும் மூலச் சிடியைச் சரிபார்த்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். 'பூதக்கண்ணாடி' என்று அவளுக்குப் பட்டப்பெயரே உண்டு.

"முழுக்கக் கைரேகை. துடைச்சதுல கீறல் வேற. புதுசா ரைட் பண்ணிக் கொண்டாங்க."

"கண்ணுக்கே தெரியாத கீறல்! உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

அவள் முகம் சுண்டிப்போனது. சிடியை உறையில் போட்டு நீட்டினாள்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக அவனுடைய அக்கா தயாரித்த பறவைகள் சிடி அது. அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் இவன் வந்திருந்தான். நடந்ததைக் கேட்டதும் அக்கா பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு சொன்னதுதான்டா சரி. போய் மன்னிப்பு கேளு!"

இவன் போய்க் கேட்பதா? ரோஷம் தடுத்தது. கேட்காமலிருந்தாலோ... அந்தக் கண்கள் சோறு இறங்கவிடவில்லை.

மூன்றாம் நாள், அவன் ரைட் பண்ணிய புதுச் சிடி அவள் மேசைக்குக் கூரியரில் வந்தது. கூட வந்த பட்டியலில் நாற்பத்திரண்டு ஃபைல். சிடியில் நாற்பத்து மூன்று! ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பது அவள் வேலை. திறந்தாள்.

'மேடம், அன்னைக்கு நான் பேசினது தப்பு...' அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே வேறொன்று. மொத்தம் ஏழு மன்னிப்பு! ஏழாவது இப்படி இருந்தது: 'உங்க கண்ணைப் பார்த்து இதைச் சொல்லத் தைரியம் இல்ல. பார்க்காம இருக்கவும் முடியல.'

அட மக்கே! மன்னிப்பை எழுதி எழுதிப் பார்த்த ஃபைலையும் தெரியாமல் சேர்த்து அனுப்பித் தொலைத்திருக்கிறான். அச்சாகிவிட்டால் படிக்கத்தான் முடியும், யாராலும் அழிக்க முடியாது. இரண்டாயிரம் பிள்ளைகள் கிளி, மைனாவோடு இவனையும் படிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் கன்னம் சுட்டது.

போன் செய்தாள். "ஒரு ஃபைல் அதிகமா இருக்கு சார். 'பார்க்காம இருக்கவும் முடியல'ன்னு முடியுது. அச்சடிச்சிடலாமா?"

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை மணி நேரத்தில் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"ஐயோ, மெஷினை நிறுத்துங்க!"

"இன்னும் ஓடவே இல்ல. நான் கையெழுத்துப் போடல."

"முழுசும்... படிச்சீங்களா?"

"அதுதானே என் வேலை."

"சிரிச்சிருப்பீங்க."

"முதல் ஆறுக்குச் சிரிச்சேன்." அவள் குரல் இறங்கியது. "ஏழாவதுக்கு இல்ல."

இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் அவ்வளவுதான் என்று அவனுக்குப் புரிந்தது. ரோஷத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தக் கண்களை நேராகப் பார்த்தான்.

"அன்னைக்கு உங்க வேலையை மட்டமாப் பேசினேன். மன்னிச்சிடுங்க. எனக்கு... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் தலை குனிந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவன் வாசல் பக்கம் திரும்பினான்...

"இதைச் சொல்றதுக்கு மூணு நாளா? யார் கதவைத் திறந்தாலும் நீங்கதானோன்னு எட்டி எட்டிப் பார்த்து எனக்குக் கழுத்தே வலிக்குது!"