அடைத்திருந்த கேட்

காலையில் காபி டம்ளரோடு பின்னறைக்குள் வந்தபோது கேட் திறந்திருந்தது.

வடிவம்மாள் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். குடைக்கம்பியை வெட்டி, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, குண்டூசியை அச்சாக வைத்து அவளே செய்த இரண்டு தடுப்புகள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, தண்டவாளம் தாண்டி அந்தப் பக்கம் ஒன்று. நுனியில் தூண்டில் ஈயம் வைத்திருந்ததால் விரலால் தூக்கினாலொழிய அவை எழும்பாது, விட்டால் தானாகப் படுத்துக்கொள்ளும். இப்போது இரண்டும் நெட்டுக்குத்தாக நின்றன. நேற்றும் நின்றன. முந்தாநாளும் நின்றன.

"சாரக்காத்து," என்றாள் சத்தமாக. வீட்டில் கேட்க ஆளில்லை, ஆனாலும் சொல்லிவைத்தாள்.

மேலகரத்து வீட்டின் பின்னறையை முழுக்க அடைத்துக் கிடந்தது அவளுடைய ரயில்பாதை. பழைய கதவுப் பலகை இரண்டைச் சேர்த்துப் போட்டு, தெர்மக்கோலைச் செதுக்கி மலை, மலைக்குள் ஒரு குகை, பஞ்சைப் பிய்த்து ஒட்டி அருவி. சிற்றாற்று மணலை டீ வடிகட்டியில் சலித்துத் தண்டவாளத்துக்கு ஜல்லியாகத் தூவி, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டு இறுக வைத்திருந்தாள். பட்டாளத்தில் இருக்கும் மகன் மகாராஜா லீவில் வந்தபோது வாங்கிவந்த இன்ஜினும் நான்கு பெட்டிகளும் அதன்மேல் ஓடின. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி கேபின், அதன் வாசலில் பச்சைக் கொடி பிடித்து, நீலச் சேலை கட்டி நிற்கும் ஒரு பொம்மை. ரோட்டில் ஒரு பஸ், ஒரு ஆட்டோ, வைக்கோல் லாரி. ஸ்கூட்டர் மட்டும் அவள் செய்யவில்லை.

சாரல் காலத்தில் ஈரக்காற்று பட்டு ஒரே ராத்திரியில் தண்டவாளம் மங்கிப்போகும், இன்ஜின் விக்கி விக்கி நிற்கும். அதனால் தினமும் காலையில் பனியன் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைப்பாள், துணி கன்னங்கரேலென்று வரும். இன்று துணி வெள்ளையாகவே வந்தது. ராத்திரி முழுக்க வண்டி ஓடித் தேய்த்ததுபோலத் தண்டவாளம் பளபளத்தது.

அவள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தடுப்புகள் இரண்டையும் இறக்கி, தையல் நூலால் கம்பத்தோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டாள்.

இருபத்தாறு வருஷம் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவள் அவள். ஒரு கேட்டுக்கு எப்படி முடிச்சுப் போடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை இதுதான்: வண்டி வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார், கேட்டை அடைத்துப் பூட்டிவிட்டு, தாளில் அச்சடித்திருக்கும் எண்களில் அடுத்ததை அவருக்குச் சொல்ல வேண்டும். அந்த நம்பர் வந்தால்தான் அவர் சிக்னல் போடுவார். நம்பர் சொல்லிவிட்டால் கேட் அடைத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஆடி மாதச் சாரலில், மாலை ஆறு நாற்பது வண்டியில் அடிபட்டு அவள் கேட்டில் ஒருவன் செத்தான். வடகரைக்காரன், சிவசைலம். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் கண்ணாலேயே பார்த்தார்கள், கேட் அடைத்திருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. நம்பர் கொடுத்த நேரம் ஸ்டேஷன் புத்தகத்தில் இருந்தது. அடைத்த கேட்டுக்குள் ஓர் ஆள் எப்படிப் போவான்? குனிந்து நுழைந்துதான் போவான். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். மறுவருஷம் அங்கே சுரங்கப்பாதை வெட்டினார்கள், அவளும் ஓய்வுபெற்றாள். கேட்டம்மா தூங்கிவிட்டாள் என்று ஊர் பேசியது. பேசட்டும். அந்த வாய்களுக்காகத்தான் இந்தப் பாதையை அச்சு அசலாகக் கட்டினாள். கேட் அடையும், பிறகுதான் வண்டி வரும், ஒரு நாளும் தவறாது. வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, குகைக்குள் நிறுத்தி, சுவிட்சை அணைத்துவிட்டுச் சமைக்கப் போனாள்.

சாப்பிட்டுத் திரும்பியபோது கேட் திறந்திருந்தது. நூல் அறுபடவில்லை. மூன்று முடிச்சும் அப்படியே இருக்க, வளையமாகக் கழன்று ரோட்டில் கிடந்தது.

அறையில் ஒரு வாசனை. ஃபெவிகால் இல்லை, ஸ்பிரிட் இல்லை. புளிப்பும் இனிப்புமாக, மழையில் நனைந்த பழக்கூடையின் வாசனை. ஜல்லியின்மேல் கேழ்வரகு அளவில் சிவப்பாக ஏதோ சிதறிக் கிடந்தது. பெயின்ட் அடிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அந்தச் சிவப்பு மணிகளுக்கு மயிர் இருந்தது.

ரம்புட்டான்.

அவளுக்குக் கோபம் வந்தது. அன்று சிவசைலத்தின் ஸ்கூட்டரில் தொங்கிய பை கிழிந்து, குற்றாலத்து ரம்புட்டான் பழம் பாதையெங்கும் உருண்டது. பெயின்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். தடுப்புகளை இறக்கினாள்.

"நீ யாருலே எனக்குத் தொறந்து காட்டுததுக்கு? இது என் கேட்டு."

நாலு மணிவாக்கில் வாசல் கொண்டி சத்தம் கேட்டது. குடையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றவள் மஞ்சு, சிவசைலத்தின் மனைவி. மூன்று வருஷத்தில் இப்போதுதான் முதல்முறையாக வருகிறாள். முன்னறையில் விருந்தாளிக்கு நாற்காலி இருந்தது, ஆனால் அவள் உட்காரவில்லை. பின்னறை வாசல்வரை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்."

"கேளு."

"அன்னைக்கு நான்தான் அவியளுக்குப் போன் போட்டேன். இருட்டுததுக்குள்ள வாங்கன்னு. அந்த அவசரத்துலதான் குனிஞ்சு போனாவன்னு எங்க மாமியா இன்னைக்கு வரைக்கும் சொல்லுதாவ. பிள்ள முன்னாலயே சொல்லுதாவ. இப்ப அவனும், அப்பா ஒன்னாலதான செத்தாவன்னு கேக்கான்." அவள் மூக்கை முந்தானையில் துடைத்தாள். "அவிய குனிஞ்சு போனத நீங்க பாத்தியளா?"

"கேட் அடைச்சிருந்துச்சு."

"அத நான் கேக்கல. அவிய குனிஞ்சாவளா?"

ஒரு வார்த்தை போதும். வடிவம்மாள் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"அடைச்ச கேட்டுக்குள்ள வேற எப்படிம்மா போவ முடியும்? மடியில கனமிருந்தாத்தான வழியில பயம். எனக்கு ஒரு பயமும் இல்ல."

மஞ்சுவின் கண் வடிவம்மாளின் தோளைத் தாண்டிப் பலகையில் நின்றது.

"இதுல கேட் தொறந்துல்லா கெடக்கு, பெரியம்மா," என்றாள்.

மஞ்சு போன பிறகும் வெகுநேரம் வடிவம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது, கூட்டி எறிந்த சிவப்பு மணிகள் ஜல்லியில் பழைய இடத்திலேயே கிடந்தன. அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக இந்தப் பலகைமேல் ஆத்திரம் வந்தது. பிரித்து அடுப்பில் வைத்துவிடலாம். வைத்தால் தோற்றதாகிவிடும். இருபத்தாறு வருஷம் ஒரு ஆளுக்கும் தோற்றவள் இல்லை அவள், தெர்மக்கோலுக்கா தோற்பாள்?

மேசை இழுப்பறையில் ஃபெவிக்விக் இருந்தது.

மலையிலிருந்து இறங்கிய மேகம் ஜன்னலை அடைத்துக்கொள்ள, ஆறரைக்கே அறை இருண்டுவிட்டது, ஓட்டில் சாரல் இரைந்து இரைந்து அடங்கியது, பழ வாசனை இப்போது சேலையிலும் தலைமுடியிலும்கூட ஏறியிருந்தது, ரோட்டு விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. அறை விளக்கைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்துத் தடுப்பை இறக்கி, கம்பத்தில் பசையை விட்டு ஒட்டினாள். அசைத்துப் பார்த்தாள். கல்லாகிவிட்டது. பிறகு இந்தப் பக்கத்துத் தடுப்பு. பசை கொஞ்சம் அதிகமாக வழிந்தது. ஆட்காட்டி விரலை மேலே வைத்து அழுத்திக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.

"தொறலே பாப்போம். இப்பத் தொற."

இருபது எண்ணும்போது கரன்ட் போனது.

சாரல் சத்தமும் நின்றது. அந்த அமைதியில், மெல்லிய நடுக்கம் ஒன்று தண்டவாளத்தில் ஓடியது. இருபத்தாறு வருஷம் காலடியில் கேட்ட நடுக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளுக்குத் தெரியும். குகைக்குள் நிற்கும் வண்டிக்கு இப்போது கரன்ட் கிடையாது.

ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் கேபின் தெரிந்தது. நீலச் சேலைப் பொம்மையின் கையில் கொடி இல்லை. கை காதருகே இருந்தது. போன் பேசுகிற கை.

"இல்ல," என்றாள் வடிவம்மாள். "நான் அடைச்சிட்டுத்தான் சொன்னேன்."

பொய். பலகைக்கு மட்டுமல்ல, அவளுக்கும் தெரியும். அன்று குற்றாலத்துக்குப் போகிற வேன்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே நின்றான். கூட்டம் பெருத்த நாட்களில் அவள் செய்வதுதான்: நம்பரை முதலில் சொல்லிவிட்டாள், கேட்டை அப்புறம் அடைத்துக்கொள்ளலாம் என்று. வேனை விட்டாள். அதன் பின்னாலேயே, மழைக்குள், ஒரு ஸ்கூட்டர். அதற்குள் வண்டியின் கூவல் கேட்டுவிட்டது. பதறிப்போய், கேட்டை இறக்கும் சக்கரத்தைச் சுற்றினாள். ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு தடுப்பு இறங்கியது. பின்னால் ஒரு தடுப்பு இறங்கியது. ஸ்கூட்டரின் சக்கரம் தண்டவாள இடுக்கில் சிக்கிக்கொண்டது.

"பெரியம்மா, தொறங்க!" என்றான். சிவசைலம் தடுப்பில் கையை வைத்துத் தள்ளினான். "ஒரு நிமிஷம் தொறங்க!"

ஸ்கூட்டரை விட்டு வர மனமில்லாமல் மறுபடி ஓடி அதை இழுத்தான். திறந்திருந்தால் அதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அவனும் தப்பியிருப்பான். ஆனால் நம்பர் கொடுத்தாகிவிட்டது. திறந்த கேட்டில் வண்டி போனால் வேலை போய்விடும். கேட் சக்கரத்தை அவள் விடவில்லை. எட்டு விநாடி. பத்தும் இருக்கலாம்.

அவன் குனியவே இல்லை.

தண்டவாளம் இப்போது தெளிவாக இரைந்தது. வடிவம்மாள் மெல்லப் பார்வையைக் கீழே இறக்கினாள்.

இரண்டு தடுப்புகளுக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர். அவள் செய்யாத ஸ்கூட்டர். கட்டைவிரல் நகம் அளவு. முன்சக்கரம் தண்டவாளத்தில் சிக்கியிருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு மணிகள்.

"தொறக்கேன்," என்றாள். "இந்தா, தொறக்கேன்."

தூக்கினாள். வரவில்லை. விரலை எடுக்கப் பார்த்தாள். விரலும் வரவில்லை. பசை இறுகியிருந்தது. இழுத்தாள். தோல் இழுபட்டது. கம்பி அசையவில்லை. கம்பம் அசையவில்லை. எட்டடிப் பலகை அசையவில்லை.

குகைக்குள் ஒரு வெளிச்சம்.

கேட் அடைத்திருந்தது. அவள் விரல்தான் அதை அழுத்திப் பிடித்திருந்தது. விரலுக்குக் கீழே, கம்பியின் உள்பக்கத்தில் ஏதோ முட்டியது. எறும்பு முட்டுகிற அளவு. மறுபடி முட்டியது. இரண்டு கைகள். வெளிச்சம் குகையைவிட்டு வெளியே வந்தது. கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தி, மழையில் நனைந்த முகத்தோடு, அவளை அண்ணாந்து பார்த்தான்.